ஒரு மணி நேரம், 180 வெள்ளி: ஜீவனாம்சம் பற்றிக் கேட்கப் போன வக்கீல் அலுவலகம்

நல்ல அலுவலகம்தான். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு மணி நேர ஆலோசனைக்கு 180 சிங்கப்பூர் வெள்ளி வாங்கினார்கள். அதற்குக் கிடைத்ததில் பாதி வக்கீலம்மா சொன்னது, மீதிப் பாதி வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கிளார்க் அக்கா சொன்னது. என்னைக் கேட்டால் கிளார்க் அக்காவின் பாதிக்குத்தான் மதிப்பு அதிகம்.

அலுவலகத்தின் பெயரைப் போடவில்லை. போனது என் தங்கைக்காக. அவள் விவகாரம் இன்னும் முடியவில்லை, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமும் இதையெல்லாம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இடத்தை மட்டும் சொல்கிறேன்: அப்பர் கிராஸ் ஸ்திரீட்டில் பீப்பிள்ஸ் பார்க் சென்டர். சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். ஹேவ்லாக் ஸ்குவேரில் இருக்கும் குடும்ப நீதிமன்றமும் பக்கம்தான், அதனால் அந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் இறங்கினாலும் ஒரு வக்கீல் பலகை கண்ணில் படும். நாங்கள் தமிழ் பேசும் வக்கீலைத் தேடிப் போனோம். தங்கைக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் வீட்டுச் சண்டையை ஆங்கிலத்தில் சொல்ல அவளுக்கு வராது.

அவள் நிலைமை இதுதான். கல்யாணமாகி 17 வருஷம். மூத்தவன் உயர்நிலைப்பள்ளி, சின்னவள் தொடக்கப்பள்ளி. சின்னவள் பிறந்தபோது தங்கை வங்கி வேலையை விட்டாள். மாப்பிள்ளை போன வருஷக் கடைசியில் பொங்கோலில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். விவாகரத்து மனு யாரும் போடவில்லை. மாதா மாதம் ஏதோ தருகிறார்: ஒரு மாதம் 800, ஒரு மாதம் 300, ஒரு மாதம் மூத்தவன் கையில் ஒரு கவர். நான் ஒரு ரெனவேஷன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். அந்தக் கவர்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கும் போயிருந்தோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும், ஆளுக்கு 20 நிமிடம்தான். உட்கார்ந்திருப்பவர் தொண்டூழியம் செய்யும் வக்கீல். சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்குவார், உங்களுக்காக வழக்கு எடுக்க மாட்டார், காகிதம் எழுதித் தர மாட்டார். பொதுவாக வழி தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு அது போதும். தங்கைக்குத் தேவைப்பட்டது, தன் குடும்பக் கணக்கை ஒருவர் எதிரே உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது. 20 நிமிடத்தில் அது நடக்காது.

சரி, வக்கீல் அறைக்கு வருவோம். நாற்பது வயதுக்குள் இருப்பார். நிதானமாகப் பேசுகிறார், "நீங்க சொல்லுங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தார். தங்கை மாப்பிள்ளையின் குணத்திலிருந்து தொடங்கினாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வக்கீலம்மா மெதுவாக நிறுத்தினார்.

"இதெல்லாம் எனக்கு வேணும், விவாகரத்து மனு போட்டா அதுல வரும். ஆனா ஜீவனாம்சம் அவருக்குப் போடுற அபராதம் இல்லம்மா. உங்களுக்கு என்ன தேவை, அவரால என்ன முடியும், அதைத்தான் கோர்ட் பார்க்கும்."

தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த வக்கீல் மேல் மரியாதை வந்தது. மணிக்கணக்கில் காசு வாங்குகிறவர் கதையை வளர்க்கத்தான் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மாதர் சாசனம் என்கிற 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன. கல்யாணம் இன்னும் சட்டப்படி நீடிக்கும்போதே, கணவர் நியாயமான அளவுக்குப் பணம் தராமல் புறக்கணித்தால், 69-ஆம் பிரிவின் கீழ் மனைவி தனக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கலாம். இதற்கு விவாகரத்து வேண்டியதில்லை. விவாகரத்து மனு போடக் கல்யாணமாகி 3 வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்று பொது விதி இருக்கிறதே, அதுவும் இதற்குக் கிடையாது. குடும்ப நீதிமன்றத்தின் இணைய வழியில் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வைத்து நாமே மனுவைத் தயார் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. இதை அந்த வக்கீலே சொன்னார், குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கதவு விவாகரத்தோடு வருவது, 113-ஆம் பிரிவு. வழக்கு நடக்கும் காலத்துக்கு இடைக்காலத் தொகை கேட்கலாம், முடிவில் நிரந்தர உத்தரவு கேட்கலாம்.

பெரும்பாலான வீடுகளில் குழம்பும் இடம் அந்த முடிவில் வரும் உத்தரவுதான். எங்கள் பெரியம்மா, "சம்பளத்துல பாதி உனக்கு வரும்டி, பயப்படாதே" என்று சொல்லியிருந்தார். சித்தப்பா, "அவ படிச்சவ, ஒரு காசு வராது" என்றார். இரண்டும் இல்லை. சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்ற சூத்திரமே சிங்கப்பூர்ச் சட்டத்தில் கிடையாது. 114-ஆம் பிரிவு நீதிபதி பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறது: இருவரின் வருமானம், சம்பாதிக்கும் திறன், சொத்து, தேவைகள், பொறுப்புகள், பிரிவதற்கு முன் வாழ்ந்த வாழ்க்கைத் தரம், வயது, எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள், உடல் அல்லது மனக் குறைபாடு, வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் செய்த உழைப்பு. எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுவது நீதிபதியின் வேலை.

இன்னொன்றை வக்கீலம்மா காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். முதலில் பிரிப்பது சொத்தைத்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த மசேநி (மத்திய சேமநிதி), சேமிப்பு எல்லாம் அதில் வரும். வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்ததும் அதில் பங்களிப்பாகக் கணக்கில் ஏறும், சம்பளச் சீட்டு இல்லை என்பதற்காகத் தங்கையின் பங்கு சுழியாகிவிடாது. அப்படிப் பிரித்த பிறகும் மனைவியின் தேவைக்குக் குறைகிறதா என்று பார்த்து, அந்தக் குறையை நிரப்பத்தான் ஜீவனாம்சம். சொத்தில் கைநிறையக் கிடைத்தவருக்கு மாதத் தொகை குறையலாம், இல்லாமலும் போகலாம். முன்பெல்லாம் பிற்காலத்தில் கேட்கும் உரிமையை உயிரோடு வைத்திருக்க மாதம் 1 வெள்ளி என்று பெயருக்கு ஓர் உத்தரவு வாங்கி வைப்பார்கள். அதைத் தானாகக் கொடுத்துவிட முடியாது, காரணம் வேண்டும் என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாதா மாதம் வேண்டாம் என்றால் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கவும் வழி உண்டு.

"எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று தங்கை கேட்டாள். எண் சொல்ல மறுத்துவிட்டார். "இப்ப நான் சொன்னா அது பொய்" என்றார். இதற்கே அரை நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம். தங்கைக்கு வயது 43, வங்கி அனுபவம் இருக்கிறது, சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள். சம்பாதிக்கும் திறன் பற்றி எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும், மறுபடி வேலைக்குத் திரும்பும் வரை சில வருஷங்களுக்கு மட்டும் என்று உத்தரவு வரவும் வாய்ப்பு உண்டு என்று சொன்னார். தங்கைக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் பணம் கொடுத்துக் கேட்க வேண்டியது இதைத்தான்.

இப்போது கிளார்க் அக்கா. அறுபதை நெருங்குகிறார், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார், காலங்காலமாக இந்த வேலை என்று பார்த்தாலே தெரிகிறது. வக்கீல் அறைக்குள் போகுமுன் ஒரு செலவுத் தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். தங்கை ஒரே வரியில் "வீட்டுச் செலவு, எல்லாத்துக்கும்: 2,500" என்று எழுதினாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "முழு நம்பரா எழுதினா அந்தப் பக்கத்து வக்கீலுக்கு தீபாவளிம்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆலோசனை முடிந்ததும் அவரே பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாகக் கேட்டார். மின்சாரம், தண்ணீர் 210. நகர மன்றக் கட்டணம் 75. இணையம் 45. மளிகை, காய்கறி, தேக்கா சந்தை மீன் எல்லாம் சேர்த்து 720. ஆக 1,050. இப்போது வீட்டில் இருப்பது மூன்று பேர், தலைக்கு 350. இது முதல் படி. இரண்டாவது, தங்கைக்கு மட்டுமான செலவு: கைப்பேசி 20, பேருந்து எம்ஆர்டி 90, காப்புறுதி 165, டாக்டரும் பல்லும் 60, துணிமணியும் பண்டிகையும் மாதக் கணக்குக்குப் பிரித்தால் 55. அது 390. ஆக, தங்கையின் தேவை 740 வெள்ளி. பிள்ளைகளுக்குத் தனித் தாள்: இருவரின் பங்கு 700, டியூஷன் 420, பள்ளி பஸ் 140, கைச்செலவு 120, சின்னவளின் பரதநாட்டிய வகுப்பு 100, மருந்தும் உடுப்பும் 80. அது 1,560. இரண்டையும் கூட்டினால் 2,300.

தங்கை சொன்ன 2,500-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மனைவிக்கான தொகையும் பிள்ளைகளுக்கான தொகையும் வேறு வேறு பாதையில் போகின்றன. தங்கை நாளைக்கு வேலைக்குப் போனால் அவளுடைய 740 குறையலாம். விவாகரத்துக்குப் பிறகு அவள் மறுமணம் செய்தால் அவளுக்கான உத்தரவு அதோடு நின்றுவிடும், இருவரில் ஒருவர் இறந்தாலும் நிற்கும். பிள்ளைகளின் 1,560-க்கு இதெல்லாம் பொருந்தாது. அது பொதுவாக 21 வயது வரை ஓடும், மகன் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருந்தாலோ பிள்ளை முழுநேரம் படித்துக்கொண்டிருந்தாலோ அதற்கு மேலும் கேட்கலாம். பிள்ளைச் செலவில் இரண்டு பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு, தங்கைக்கு வருமானம் வந்தால் அவள் பங்கும் கேட்கப்படும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "2,500" என்று கேட்டிருந்தால் எந்தப் பகுதி எப்போது குறையும் என்றே தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். கணக்கு எழுதும் எனக்கே இந்தப் பிரிவினை தோன்றவில்லை, அக்காவுக்கு ஒரு கும்பிடு.

அக்கா தாளிலிருந்து அடித்துவிட்டதும் உண்டு. தங்கை அம்மாவுக்கு மாதம் கொடுக்கும் 100 வெள்ளியைச் சேர்த்திருந்தாள். "இது உங்க அம்மா, அவர் தலையில எப்படிம்மா கட்டுறது?" என்று கோடு போட்டார். வீட்டுக் கடன் தவணை மாப்பிள்ளையின் மசேநியிலிருந்து போகிறது. அதைச் செலவில் சேர்க்காமல் ஓரத்தில் குறித்து வைத்தார், மாப்பிள்ளை அதைச் சொல்லத்தான் போகிறார் என்று. பரதநாட்டியத்தை மட்டும் தொடவில்லை. பிரிவதற்கு முன்பிருந்தே போய்க்கொண்டிருந்த வகுப்பு, ரசீது இருக்கிறது, அதனால் நிற்கும் என்றார்.

பணம் வராமல் போனால் என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. உத்தரவு இருந்து, கட்டவில்லை என்றால் நீதிமன்றத்தில் அமலாக்கம் கோரலாம். அபராதம் போடலாம், சம்பளத்திலிருந்து நேராகப் பிடித்து அனுப்ப முதலாளிக்கு உத்தரவிடலாம், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் போடலாம். 2025 ஜனவரியிலிருந்து படிப்படியாகப் புதிய முறை வந்திருக்கிறது. பராமரிப்பு அமலாக்க அதிகாரிகள் என்று தனியாக இருக்கிறார்கள். வங்கியிடமும் மசேநிக் கழகத்திடமும் அவர்களே விவரம் கேட்டு வாங்கி, இவர் கட்ட முடியாதவரா, கட்ட மனமில்லாதவரா என்று பார்க்க முடியும். முன்பு அந்த விவரத்தைத் தோண்டி எடுக்கும் சுமை பெண்ணின் தலையில்தான் இருந்தது. பாக்கியை ரொம்ப வருஷம் தூங்க விடக்கூடாது என்றும் வக்கீலம்மா சொன்னார்: 3 வருஷத்துக்கு முந்தைய பாக்கியைச் சிறப்புக் காரணம் இல்லாமல் வசூலிக்க முடியாது.

அந்தக் கவர் விஷயத்துக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. கையில் வாங்க வேண்டாம், பிள்ளை மூலமாக நிச்சயம் வேண்டாம், வங்கிக் கணக்குக்கே போடச் சொல்லுங்கள், எந்த மாதத்துக்கு என்று குறிப்பும் போடச் சொல்லுங்கள் என்றார். இது மாப்பிள்ளைக்கும் நல்லதுதான். நாளைக்கு "நான் கொடுத்தேன்" என்று சொல்ல அவருக்கும் சாட்சி வேண்டுமே.

கொடுக்கும் பக்கத்தில் இருக்கும் ஆண்களும் இதைப் படிக்கலாம் என்பதால் இதையும் எழுதுகிறேன். வேலை போனால், சம்பளம் குறைந்தால், நீங்களாக நிறுத்தக்கூடாது. உத்தரவை மாற்றச் சொல்லி மனு போட வேண்டும். மனு போடாமல் நிறுத்தினால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும், பணம் தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும் இரண்டுமே செல்லாது. கணவர் கேட்க முடியுமா என்று நான் சும்மா கேட்டேன். 2016-லிருந்து முடியும். ஆனால் உடல்நலமோ மனநலமோ கெட்டு, சம்பாதிக்க இயலாமல், தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் கணவருக்கு மட்டும்.

நம் ஆட்களுக்குத் தேவைப்படும் இரண்டு விஷயங்களை அவராகவே சொன்னார். இந்தியாவில் கல்யாணம் செய்தவர்களும் இங்கே விவாகரத்துக் கேட்கலாம், இருவரில் ஒருவருக்குச் சிங்கப்பூர்தான் நிரந்தர இருப்பிடமாகவோ, மனுவுக்கு முந்தைய 3 வருஷம் வழக்கமாக வாழ்ந்த இடமாகவோ இருந்தால். அங்கேயே விவாகரத்து முடிந்துவிட்டாலும், இங்கே இருக்கும் சொத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும் நீதிமன்றத்தின் அனுமதி வாங்கிக் கேட்க 2011-லிருந்து வழி இருக்கிறது. முஸ்லிம் தம்பதியின் விவாகரத்து ஷரியா நீதிமன்றத்தில். இத்தா காலச் (விவாகரத்துக்குப் பின் மனைவி காத்திருக்கும் காலம்) செலவும், முத்ஆ என்கிற ஆறுதல் தொகையும் அங்கேதான் தீர்மானமாகும். கல்யாணம் நீடிக்கும்போது கேட்கும் பராமரிப்புக்கு மட்டும் முஸ்லிம் மனைவியும் குடும்ப நீதிமன்றத்துக்கே வரலாம்.

குறைகளுக்கு வருகிறேன். அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவில் மெல்லிய பலகைதான். எங்களுக்கு முன்னால் போனவர் கடனைப் பற்றி அழுதது முழுவதும் எங்கள் காதில் விழுந்தது. அப்படியானால் எங்களுடையது யார் காதில் விழுந்ததோ. சொன்ன நேரத்துக்கு உள்ளே விடவில்லை. முக்கியமான குறை: பேசியதை எழுத்தில் தரவில்லை. நான் நோட்டுப்புத்தகம் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் தங்கைக்குப் பாதி மறந்திருக்கும். ஒரு பக்கச் சுருக்கம் கேட்டால் தனிக் கட்டணமாம். நகல் எடுத்ததற்கும் பக்கக் கணக்கில் வாங்கினார்கள், அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு நட்சத்திரம் போனது இதற்குத்தான்.

கடைசியில் வழக்கு நடத்த மொத்தமாக எவ்வளவு ஆகும் என்ற விலைப்பட்டியல் ஒன்றையும் நீட்டினார்கள், ஆனால் அழுத்தவில்லை. எல்லாவற்றிலும் இருவரும் ஒத்துப்போனால் எளிய வழியில் முடிக்கலாம், செலவு ரொம்பக் குறையும், 2024 ஜூலையிலிருந்து ஒருவர் மேல் ஒருவர் பழி போடாமல் இருவரும் சம்மதித்தே விவாகரத்துக் கேட்க முடியும் என்று வக்கீலம்மாவே எடுத்துச் சொன்னார். தங்கை இப்போதைக்கு அதற்குத் தயாராக இல்லை, முதல் கதவைத்தான் தட்டப் போகிறாள். 180 வெள்ளியும் முடியாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி அலுவலகமான லீகல் எய்ட் பீரோவில் விண்ணப்பிக்கலாம், வருமானச் சோதனை உண்டு. வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கும் மாதர் அமைப்புகள் மன்றத்திலும் கேட்டுப் பாருங்கள்.

போகிறவர்கள் மசேநி அறிக்கை, வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை, சில மாத வங்கி அறிக்கை, கல்யாணச் சான்றிதழ், மளிகை ரசீதுகள் எல்லாவற்றையும் வீட்டிலேயே நகல் எடுத்துக்கொண்டு போங்கள். காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், அப்போது காத்திருப்பு இருக்காது. வக்கீல் அறையிலிருந்து வெளியே வந்ததும் லிஃப்டுக்குப் போய்விடாமல் கிளார்க் அக்கா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.